வேர், இலை, கொழுந்தன்

துறைக் கூட்டத்தில் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தது ஒன்றுதான் அவள் செய்த தவறு. நிமிர்ந்தபோது எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ சரி. யாரும் மறுப்பு சொல்லல. நீங்களே செயலாளரா இருந்துடுங்க" என்றார் துறைத்தலைவர்.

எதற்குச் செயலாளர் என்பதையே பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள். தாவர உயிரியல் ஆய்வாளர்களின் சர்வதேச மாநாடு. முப்பத்தொரு நாடுகளிலிருந்து வருவார்கள். நான்கு நாட்கள் நடக்கும். இன்னும் பதினெட்டு மாதங்கள் இருந்தன.

அவள் தாவரவியல் துறையில் துணைப் பேராசிரியை. யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசிப் பழக்கமில்லாதவள். உணவகத்தில் கேட்டது ஒன்று, வந்தது ஒன்று என்றால், வந்ததையே கேட்டதுபோலச் சாப்பிட்டுவிட்டு வருவாள். அவளுடைய கணவர் இதைப் பொறுமை என்பார். கணவரின் தம்பி, கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிற புகைப்படக்காரன், "பொறுமையெல்லாம் இல்லண்ணே, அண்ணிக்குப் பயம்" என்று நேராகவே சொல்லுவான். கொழுந்தன் சொன்னதுதான் சரி.

ஆனால் பயந்தவர்கள் சில சமயம் தைரியசாலிகளே யோசிக்காத காரியத்தைச் செய்துவிடுவார்கள். அவள் செய்தது இதுதான்: வேரையும் இலையையும் ஒரே மாநாட்டுக்கு அழைத்துவிட்டாள்.

வேர் என்றால் வேர்ப் பேராசிரியர். இலை என்றால் இலைப் பேராசிரியை. தாவர ஆராய்ச்சி உலகமே அவர்களை அப்படித்தான் குறிப்பிட்டது. மண் காய ஆரம்பித்ததும் இலை தன்னிடமுள்ள நுண்துளைகளை மூடிக்கொள்ளும். ஈரம் வெளியே போகாமல் இருக்க அதுதான் வழி. இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். 'மூடு' என்று முதலில் சொல்வது யார் என்பதில்தான் சண்டை. மண்ணுக்குள் இருக்கிற வேர்தான் முதலில் தெரிந்துகொண்டு மேலே செய்தி அனுப்புகிறது என்றார் அவர். வேர் சொல்லும்வரை இலை காத்திருக்காது, தானே உணர்ந்து மூடிக்கொள்கிறது என்றார் அந்த அம்மாள். ஒரு காலத்தில் இருவரும் ஒரே ஆய்வகத்தில் எதிரெதிர் மேசையில் வேலை பார்த்தவர்கள். பதின்மூன்று வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் அந்த அம்மாள் காட்டிய வரைபடத்தைப் பார்த்து அவர், "இது ஆராய்ச்சியா, வதந்தியா?" என்று கேட்டுவிட்டார். அம்மாள் சும்மா விடவில்லை. "உங்க வேர் மண்ணுக்குள்ள இருக்கறதாலதான் உங்க மானம் வெளிய தெரியாம இருக்கு" என்றார். அன்று முதல் ஒருவர் போகிற ஊர்ப் பக்கம் மற்றவர் தலைவைத்துப் படுப்பதில்லை. மாணவர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்து, தேநீர் மேசையில்கூடத் தனித்தனியாக நின்றார்கள்.

அழைப்புக் கடிதம் போனதும் இருவரிடமிருந்தும் ஒரே கேள்வி பதிலாக வந்தது. "அந்த அம்மா வர்றாங்களா?" "அந்த மனுஷன் வர்றாரா?"

இரண்டு பேருக்கும் அவள் ஒரே பதிலை அனுப்பினாள்: 'இன்னும் உறுதியாகவில்லை.' எழுதிய நேரத்தில் அது உண்மை. அதை நம்பி இருவரும் உறுதி செய்துவிட்டார்கள் என்பது அடுத்த கதை.

அவளுக்கும் ஒரு காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வேருக்கு முதல் இரண்டு நாட்கள், இலைக்குக் கடைசி இரண்டு நாட்கள் என்று கணக்காகப் பிரித்திருந்தாள். வேறு வேறு விடுதி, வேறு வேறு பேருந்து. ஆனால் விமான நிறுவனம் அவளிடம் கேட்காமலே இலையின் பயணத்தை ஒரு நாள் முன்னுக்குத் தள்ளிவிட்டது. இரண்டாம் நாள் காலையில் இருவரும் ஒரே கட்டடத்துக்குள் இருந்தார்கள். வேருக்கு மாடியில் சாப்பாடு, இலைக்குக் கீழே. வேர் படியில் இறங்கினால் இலையை மின்தூக்கியில் ஏற்றுவாள். இலை தேநீருக்கு வந்தால் வேரை நூலகம் பார்க்க அழைத்துப் போவாள். அந்த நூலகத்தை வேர் அன்று காலை மட்டும் மூன்று முறை பார்த்துவிட்டார்.

"நல்ல நூலகம்தாம்மா. ஆனா மறுபடியும் எதுக்கு?" என்றார்.

"இந்தப் பக்கம் வெளிச்சம் வேற மாதிரி இருக்குங்க ஐயா" என்றாள் அவள். வேறு என்ன சொல்வாள்?

இந்த ஓட்டத்துக்கு நடுவில்தான் துறைத்தலைவர் அவளை ஓரமாக அழைத்தார்.

"குரூப் போட்டோ எப்போ?"

"நாளைக்கு வெச்சுக்கலாமா சார்?"

"நாளைக்குப் பாதிப் பேர் ஊரைச் சுத்தப் போயிடுவாங்க. இன்னைக்கே எடுக்கணும். எல்லாரும் இருக்கணும். எல்லாரும்னா எல்லாரும்! போட்டோ இல்லாத மாநாடு நடந்த மாநாடே இல்ல. அறிக்கையோட அட்டையில போடப்போறோம். நான் நடுவுல நிக்கறேன்."

"சார், பல்கலைக்கழக போட்டோக்காரருக்குக் கண் வலி. இடது கண்ணைத் திறக்கவே முடியலையாம்."

"அவர் ஒரு கண்ணை மூடிட்டுத்தானே எடுப்பார்?"

"அவர் திறந்து பாக்கற கண்ணே அதுதான் சார்."

துறைத்தலைவர் வானத்தைப் பார்த்தார். அவள் கொழுந்தனுக்குப் போன் செய்தாள்.

அரை மணி நேரத்தில் அவன் வந்து இறங்கினான். இரண்டு கேமரா, ஓர் ஏணி, கழுத்தில் ஒரு விசில். பதினோரு வருடமாகக் கல்யாண வீடுகளில் நின்று நின்று அவனுடைய குரலுக்குத் தனி அதிகாரம் வந்திருந்தது.

"எத்தனை பேர் அண்ணி?"

"இருநூத்திப் பன்னெண்டு."

"அவ்ளோதானா? போன மாசம் அறுநூறு பேரை ஒரே படத்துல அடக்கினேன். அதுல நாலு பேர் பேசிக்காத அண்ணன் தம்பிங்க. படிச்சவங்க இருநூறு பேர் எம்மாத்திரம்?"

"படிச்சவங்கங்கறதுதாண்டா பிரச்சனை."

அவன் சிரித்தான். பதினொன்றரை மணித் தேநீர் இடைவேளை வரைக்கும் அந்தச் சிரிப்பு இருந்தது.

அரங்கத்தின் முன்னால் அகலமான பதினாறு படிகள் உண்டு. படம் எடுக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் படிகளின் இருபுறமும் பழைய சுவர், சுவரில் விரிசல், விரிசலில் ஒரு சின்ன பெரணிச் செடி. சுவருக்கு அந்தப் பக்கம் புல்வெளி. புல்வெளிக்கு அப்பால் தண்ணீர்த் தொட்டி, அதன் நிழலில் பாசி. சாதாரண மனிதர்களுக்கு இவை கண்ணிலேயே படாது. வந்திருந்தவர்கள் சாதாரண மனிதர்கள் அல்லர். துவக்க விழா மேடையில் அலங்காரத்துக்கு வைத்திருந்த செடிகளைப் பார்த்து, இது எந்த இனம் என்று முதல் வரிசையில் ஐந்து பேர் வரவேற்புரை முடியும்வரை சண்டை போட்டவர்கள். கடைசியில் ஆறாவது ஆள் மேடையேறிக் கிள்ளிப் பார்த்து, "பிளாஸ்டிக்" என்று அறிவித்தார். அன்றைய நாளின் முதல் கைதட்டல் அவருக்குத்தான் கிடைத்தது.

விசில் ஊதியதும் எண்பது பேர் வந்து நின்றார்கள். கொழுந்தன் ஏணியில் ஏறினான். ஏறி முடிப்பதற்குள் நாற்பத்தொருவர் ஆகிவிட்டார்கள். பெரணிக்காரர்கள் விரிசலைச் சுற்றி லென்ஸோடு குனிந்துவிட்டார்கள். புல்காரர்கள் புல்வெளியில் குப்புறப் படுத்திருந்தார்கள். பாசிக்காரர்களைக் காணவே இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து அவ்வப்போது "அட!" என்று மட்டும் சத்தம் வந்தது. இவன் ஓடிப்போய்ப் பாசிக்காரர்களைக் கூட்டி வருவதற்குள், நின்றிருந்த நாற்பத்தொருவரில் பாதிப் பேர் பாசியைப் பார்க்கப் போய்விட்டார்கள். தவளைகளைத் தராசில் நிறுக்க நினைத்தவன் கதைதான்.

"அண்ணி, கல்யாண வீட்ல ஆளுங்க சாப்பாட்டுக்குத்தான் ஓடுவாங்க. ஒரு நியாயம் இருக்கும். இவங்க புல்லுக்கு ஓடறாங்களே!" என்றான் வியர்வையைத் துடைத்தபடி.

"சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு மணிக்கு மறுபடி பாக்கலாம். ஆனா ஒண்ணு. அந்தத் தொப்பி போட்ட ஐயா இடது கோடியில நிக்கணும். தொப்பி போட்ட அம்மா வலது கோடியில நிக்கணும். நடுவுல நூறு பேராவது இருக்கணும்."

"ஏன்?"

"கேக்காத. அப்படியே செய்."

அவள் அதை விளக்கியிருக்கலாம். ஆனால் அந்த நேரம் பார்த்து, இரண்டாம் அரங்கில் படம் காட்டும் கருவி தலைகீழாகக் காட்டுகிறது என்று ஆள் வந்துவிட்டது. ஒரு மரத்தின் வளர்ச்சி பற்றிய உரையில் மரம் மேலிருந்து கீழே வளர்ந்துகொண்டிருந்தது. அவள் ஓடினாள்.

இரண்டு மணிக்குக் கொழுந்தன் தனியாக நின்றான். சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் மறுபடியும் நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துவிட்டதுபோல நாலா பக்கமும் உருண்டார்கள். அவன் விசிலைப் பையில் போட்டுவிட்டு, தொழில்காரனின் கண்ணோடு கூட்டத்தைக் கவனித்தான். ஒரு விஷயம் பிடிபட்டது. இளசுகள் எல்லாம் இரண்டே இரண்டு பேரைச் சுற்றித்தான் வட்டம் போட்டன. ஒரு வட்டத்தின் நடுவில் தொப்பி போட்ட ஐயா. இன்னொரு வட்டத்தின் நடுவில் தொப்பி போட்ட அம்மா. இரண்டு வட்டமும் ஒன்றையொன்று பார்க்காத மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தன. நடுவில் இருந்த இருவருக்கு மட்டும், சுற்றி நின்ற தலைகளைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை.

பெண் வீடு, மாப்பிள்ளை வீடு! இதில் என்ன கஷ்டம்? இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் நடுவில் நிறுத்திவிட்டால் மிச்சப் பேர் தானாக வந்து ஒட்டிக்கொள்வார்கள். பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூடத் தவறாத வழி அது. அண்ணி சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் அண்ணிக்கு இந்தத் தொழிலைப் பற்றி என்ன தெரியும்?

வேரிடம் போனான். "ஐயா, பெரியவங்க நடுவுல நின்னாதான் படத்துக்கே அழகு." மூன்று முறை நூலகம் பார்த்துக் களைத்திருந்த வேர், உட்கார இடம் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். "முதல்ல நில்லுங்க, அப்புறம் உக்காரலாம்" என்று எட்டாவது படியில் நிறுத்தி, "கேமராவையே பாருங்க, திரும்பிடாதீங்க, வெளிச்சம் போயிடும்" என்றான். அடுத்து இலையிடம் போய் அதையே சொன்னான். அந்த அம்மாளும் வந்து கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றார். தோளோடு தோள். பக்கத்து முகத்தை மறைக்கும் இரண்டு அகன்ற வைக்கோல் தொப்பி, இரண்டு உம்மென்ற முகம். கிட்டத்தட்ட ஒரே வயது. கொழுந்தனுக்குச் சந்தேகமே இல்லை. புருஷன் பெண்டாட்டி. காலையில் ஏதோ மனஸ்தாபம்.

ஏணியில் ஏறிக் குரலில் தேன் தடவினான்.

"ஐயா, கோவத்தையெல்லாம் வீட்ல போய்ப் பாத்துக்கலாம். அம்மா தோள்ல கையைப் போடுங்க. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவங்க, ஒரு நிமிஷம் சிரிச்சா குறைஞ்சா போயிடுவீங்க?"

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். தொப்பியின் விளிம்புகள் மோதிக்கொண்டன.

"நீங்களா!"

"நீங்க எங்க இங்க?"

"என்னைக் கூப்பிட்டாங்க, வந்தேன்."

"என்னையும்தான் கூப்பிட்டாங்க. நீங்க வர்றது உறுதியாகலைன்னு எழுதினாங்களே!"

"எனக்கும் அப்படித்தான் எழுதினாங்க!"

இருவரும் செயலாளரைத் தேடிச் சுற்றிலும் பார்த்தார்கள். அவள் இரண்டாம் அரங்கில் மரத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். திட்ட அவள் கிடைக்காததால், பக்கத்தில் இருந்தவரையே திட்ட வேண்டியதாயிற்று.

"உங்க போன வருஷத்துக் கட்டுரையைப் படிச்சேன்" என்றார் வேர்.

"புரிஞ்சுதா?"

"புரியற மாதிரி எழுதியிருந்தா புரிஞ்சிருக்கும். இலை தானா முடிவெடுக்குதாம்! அதுக்குத் தலைக்குள்ள மூளையா வெச்சிருக்கு?"

"உங்க வேர் மட்டும் என்ன, தபால் ஆபீஸா?"

"தபால்தாம்மா! நாப்பது செடியோட தண்டை வெட்டிச் சாறு எடுத்திருக்கேன். நாப்பதுலயும் சாறுல செய்தி இருந்துச்சு."

"உங்க தபால் வந்து சேர்றதுக்குள்ள இங்க கதவைச் சாத்தியாச்சு! இலையில கருவியை மாட்டி நானே உக்காந்து பாத்தேன். இருபதாவது நிமிஷம், மூடிடுச்சு."

"ஒரு மணி நேரம் கழிச்சுப் பாருங்க, யார் மூடினதுன்னு தெரியும்!"

முதலில் நிமிர்ந்தவர்கள் பெரணிக்காரர்கள். பிறகு புல்வெளியில் குப்புறக் கிடந்தவர்கள் முழங்காலில் புல்லோடு எழுந்து வந்தார்கள். "வேரும் இலையும் மோதிக்கிட்டாங்க!" என்ற சேதி தண்ணீர்த் தொட்டியை எட்டியதும் பாசிக்காரர்கள் பாசியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ஐந்தே நிமிடம். பதினாறு படிகளிலும் எள் போட்டால் எள் விழாது. ஒருவரும் நகரவில்லை. ஒருவரும் குனியவில்லை. வேர் பேசினால் இடப்பக்கம் கைதட்டியது, இலை பேசினால் வலப்பக்கம்.

ஏணியில் இருந்த கொழுந்தன் ஒரு விநாடி திகைத்தான். அப்புறம் அவனுடைய அனுபவம் விழித்துக்கொண்டது. குடும்பச் சண்டையின்போது யாரும் அசைய மாட்டார்கள். இதைவிட்டால் வேறு நேரம் கிடைக்காது. அவன் எடுக்க ஆரம்பித்தான்.

அப்போதுதான் அவள் வெளியே வந்தாள்.

படிக்கட்டைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளத்தான் தோன்றியது. ஒளிந்தும் கொண்டாள். தூணுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். "முதல் இருபது நிமிஷத்துல பாருங்கன்னு சொல்றேன்!" என்றார் இலை. "ஒரு மணி நேரம் கழிச்சுப் பாருங்கன்னு நானும்தான் சொல்றேன்!" என்றார் வேர். இருவரும் இதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். பதின்மூன்று வருடமாக இதைத்தான் சொல்லி வருகிறார்கள்.

அவளுக்கு விடை தெரியும். இரண்டு வருடமாகத் தெரியும். அதுதான் நான் பிறகு சொல்கிறேன் என்ற காரணம்.

"ரெண்டு பேரும் வேற வேற நேரத்துல பாக்கறீங்க!"

யார் இப்படிக் கத்தியது என்று பார்க்க எல்லோரும் திரும்பினார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. கத்தியது அவளேதான்.

இனித் தூணுக்குப் பின்னால் நிற்பதில் பயனில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு எட்டாவது படிக்கு ஏறினாள். இரண்டு தொப்பிகளுக்கும் நடுவில் கைகளை அகல விரித்துக்கொண்டு நின்றாள். மேலே 'கிளிக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"ஐயா, நீங்க தண்டை வெட்டிச் சாறு வடிய விட்டு எடுக்கறீங்க. அதுக்கே ஒரு மணி நேரம் ஆயிடும். அதுக்கு முன்னாடி நடந்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது. அம்மா, நீங்க முதல் தடவை மூடினதும் கருவியைக் கழட்டிடறீங்க. அதுக்கு அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியாது."

"அப்புறம் என்ன நடந்துச்சு?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"மறுபடி திறந்துடுதும்மா. அரை மணி நேரத்துல. இலை அவசரத்துல தானா சாத்தற கதவு நிலைக்கறதில்ல. அப்புறம் வேர்லருந்து செய்தி வருது. ரெண்டாவது தடவை மூடுது. அதுதான் மூடினது மூடினபடி இருக்கு. செய்தி அனுப்பத் தெரியாத ஒரு தக்காளி ரகம் இருக்கு. அந்த ஊமை வேர் மேல நல்ல செடியோட தலையை ஒட்டுக் கட்டிப் பாத்தேன். தண்ணித் தொட்டியில வளத்து, தண்ணியை வடிச்சுட்டுக் கடிகாரத்தைப் பாத்தேன். முதல் தடவை மூடுச்சு. திறந்துச்சு. ரெண்டாவது தடவை மூடவே இல்ல."

இலை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இதை எங்க வெளியிட்டீங்க?" என்றார் இலை.

"வெளியிடல. வெளியிட்டா உங்க ரெண்டு பேருக்குமே கோவம் வரும்னு... போஸ்டர் மட்டும் ஒட்டியிருக்கேன். நூத்தி நாப்பத்தேழாம் நம்பர்."

"நூத்தி நாப்பத்தேழு எங்க இருக்கு? நான் பாக்கலையே!"

"ஆண்கள் கழிப்பறைக்கு எதிர்ல" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. போஸ்டர்களுக்கு இடம் ஒதுக்கியது அவளேதான். தனக்கு எது வேண்டும் என்று தானே தேர்ந்தெடுத்துக்கொண்ட இடம் அது.

வேர் படியிறங்கினார். இலையும் இறங்கினார். இருவர் பின்னாலும் இரண்டு கட்சியும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இறங்கியது. முப்பத்தொரு நாட்டு அறிஞர்களும் அந்தக் குறுகலான நடைபாதைக்குள் புகுந்து, கழிப்பறை வாசலுக்கு எதிரே மூச்சுத்திணற நின்றார்கள்.

அந்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு துறைத்தலைவர் வெளியே வந்தார். படத்துக்காகத் தலையைப் படிய வாரி, முகம் கழுவி, கோட்டில் ஒரு பூவும் குத்தியிருந்தார். கையில் சீப்பு இன்னும் இருந்தது. எதிரே இருநூற்றுச் சொச்சம் முகங்கள். எல்லாம் அவரையே பார்த்தன. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அடடா, இதுக்காக எல்லாருமா கூப்பிட வரணும்? நானே வந்திருப்பேனே!"

"கொஞ்சம் தள்ளிக்கறீங்களா? போஸ்டர் மறைக்குது" என்றார் வேர்.

அடுத்த முக்கால் மணி நேரத்தை அவள் இன்றும் சரியாக வரிசைப்படுத்திச் சொல்ல முடியாது. வேர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஒவ்வொரு வரைபடமாகப் படித்தார். இலை அதையே பின்னாலிருந்து முன்னாலே படித்தார். பன்னிரண்டு செடிதானா, இது போதவே போதாது என்றார் வேர். ஆமாம், போதாதுதான் என்றார் இலை. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பதின்மூன்று வருடத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. அந்த மகிழ்ச்சியில் இருவரும் சேர்ந்து அவளைப் பிய்த்தெடுத்தார்கள். தொட்டி நீரின் வெப்பம் என்ன, ஒட்டுக் கட்டிய காயம் ஆறியதா, காலையா மாலையா, அறையில் காற்று எவ்வளவு ஈரம்?

முதல் மூன்று கேள்விகளுக்கு அவளுடைய குரல் நடுங்கியது. நான்காவது கேள்விக்கு நடுக்கம் நின்றது. ஏழாவது கேள்வியில் இலை, "அந்த மறுபடி திறக்கறது கருவியோட கோளாறா இருக்கும்" என்றபோது அவளுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது.

"கோளாறு இல்லம்மா. மூணு கருவி மாத்திப் பாத்தாச்சு. நீங்க கருவியைக் கழட்டாம இருந்தா நீங்களே பாத்திருப்பீங்க."

இலை அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வேரைப் பார்த்துச் சொன்னார்: "இந்தப் பொண்ணு வாயில்லாப் பூச்சின்னு நினைச்சேன்."

"உறுதியாகலைன்னு ரெண்டு பேருக்கும் எழுதின ஆளு, பூச்சியா?" என்றார் வேர். அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அது வேணும்னே எழுதினதுதானே?"

"ஆமாங்க ஐயா. உண்மையைச் சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

"மாட்டேன்" என்றார்கள் இருவரும்.

"சரி, என்னை இந்த அம்மா தோள்ல கை போடச் சொன்ன பையன் யாரு?"

"அது என் கொழுந்தன் ஐயா. மன்னிச்சிடுங்க."

வேர் ஒரு கணம் யோசித்தார். "வேர் இருக்கு, இலை இருக்கு. கொழுந்து மட்டும்தான் குறையா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். இலைக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சொன்ன நகைச்சுவைக்குத் தான் சிரிப்பதா என்று இருமலாக மாற்றிக்கொண்டார்.

அன்று பிற்பகல் மூவரும் கண்ணாடிக் குடிலுக்குள் போனார்கள். இலையின் சிறப்புரை அடுத்த நாள்தான் என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. தொட்டியின் நீரை வடித்த நேரத்திலிருந்து இருவரும் ஆளுக்கொரு முக்காலியில் ஒரே செடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இருபதாம் நிமிடத்தில் கருவியின் எண் இறங்கியது. இலை நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐம்பதாம் நிமிடத்தில் எண் மறுபடி ஏறியது. இலை கருவியின் கம்பியை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். எதையும் சொல்லாமல் இருக்க வேர் பட்ட பாடு அவர் முகத்தில் தெரிந்தது. கடைசியில் இலையே பேசினார்.

"இத்தனை வருஷம் அரை மணி நேரம் முன்னாடியே எழுந்து போயிருக்கேன்."

"நான் எல்லாம் முடிஞ்ச பிறகு வந்திருக்கேன்" என்றார் வேர். பெரிய விட்டுக்கொடுப்பு எதுவும் இல்லை. அவ்வளவுதான்.

படம் மறுநாள் வந்தது. பதினாறு படிகள் நிறையக் கூட்டம். ஒருவர்கூடக் கேமராவைப் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் எட்டாவது படியில். வேர் விரலை நீட்டிக்கொண்டிருக்கிறார், இலை இடுப்பில் கைவைத்திருக்கிறார், நடுவில் அவள் போக்குவரத்துக் காவலரைப்போலக் கைகளை விரித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறாள். பெரணிக்காரர் ஒருவரின் காதோரம் ஒரு பெரணி இலை. கொழுந்தன் எண்ணிப் பார்த்தான். இருநூற்றுப் பதினொன்று.

"ஒருத்தர் குறையுதே அண்ணி!"

குறைந்தவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. துறைத்தலைவர் இன்னொரு படம் எடுத்தே ஆகவேண்டும் என்றார். பாதிப் பேர் ஊரைச் சுற்றப் போயிருந்தார்கள். கொழுந்தன் அவரை அதே படியில், அதே கோட்டோடு, தனியாக நிற்க வைத்துப் படம் எடுத்தான். "கவலையே படாதீங்க சார், நடுவுல ஒட்டிடறேன். தெரியவே தெரியாது" என்றான்.

தெரிந்தது. மாநாட்டு அறிக்கையின் அட்டையில் இருநூற்றுப் பதினோரு பேர் ஒரு பயங்கரச் சண்டையைப் பார்த்துக்கொண்டிருக்க, நடுவில் ஒருவர் மட்டும் பூவோடு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். அவருக்கு அந்தப் படம் மிகவும் பிடித்துவிட்டது.

வேரும் கடைசி நாள்வரை தங்கிவிட்டதால், விமான நிலையத்துக்கு ஒரே பேருந்துதான் ஏற்பாடு செய்தாள். வேர் முன்னிருக்கையில், இலை பின்னிருக்கையில். நடுவில் இருந்த நாற்பது பேரின் தலைக்கு மேலாக, சோதனையைத் திரும்பச் செய்யும்போது யாருடைய கடிகாரத்தை நம்புவது என்று கத்திக்கொண்டே போனார்கள். அவள் இருவருக்கும் விதைகளும், ஊமை வேரின் நாற்றுகளை ஒட்டுக் கட்டும் முறையும் கொடுத்து அனுப்பினாள்.

ஏழு மாதத்தில் இரண்டு ஆய்வகங்களிலிருந்தும் முடிவு வந்தது. இலையின் ஆய்வகத்தில் எல்லாம் அவள் சொன்னபடியே நடந்திருந்தது, செடிகள் அறுபது. வேரின் ஆய்வகத்தில் முதல் மூடலும் மறு திறப்பும் சரியாக இருந்தன. ஆனால் இரண்டாம் மூடல் அவள் சொன்னதைவிட மிகவும் சீக்கிரமே வந்துவிட்டது. ஆகவே அவளுடைய நேரக்கணக்கு தப்பு என்று மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தார். அதன் நகல் இலைக்கும் போயிருந்தது. இலை அதற்கு ஐந்து பக்கப் பதில் எழுதியிருந்தார். பாதிப் பக்கம் அவளுக்கு ஆதரவாக, மிச்சம் அவளுக்கு எதிராக.

அவள் இரண்டையும் சமையலறை மேசையில் வைத்துக்கொண்டு படித்தாள். கணவர் எதிரே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?"

"வேர் தப்பு. அந்த ஊர்ல தண்ணி சூடா இருந்திருக்கு. செய்தி சீக்கிரம் ஏறியிருக்கு. அதைக்கூடப் பாக்காம எழுதியிருக்கார் மனுஷன்."

"அப்போ என்ன பண்ணப்போற?"

கணினியை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தட்டினாள். அடுத்த வரிக்கு வழக்கம்போல 'தாங்கள் சொல்வது சரியாக இருக்கலாம், ஆனாலும்' என்று ஆரம்பித்தாள். நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

'நீங்கள் சொல்வது தவறு' என்று தட்டிவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, அடுத்த நாலு பக்கத்தையும் ஒரே மூச்சில் எழுத ஆரம்பித்தாள்.